கோட்டுக்கு அடியில் இருக்கிறது தூரம்

பதினோராம் வகுப்பில் இயற்பியல் எடுத்திருக்கும் மாணவ மாணவியருக்கு,

இயக்கவியல் பாடம் இந்நேரம் வகுப்பில் நடந்து முடிந்திருக்கும். 'எஸ் ஈகுவல் டு யூட்டி பிளஸ் ஹாஃப் ஏட்டி ஸ்கொயர்' என்பதை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அந்தச் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்ததே, நினைவிருக்கிறதா? கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் திசைவேகம், நடுவே சாய்வாக ஒரு கோடு. உங்களில் பெரும்பாலோர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'கேட்டால் இரண்டு மார்க்' என்று மனக்கணக்குப் போட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள்.

அந்தப் படத்துக்காக வாதாடத்தான் இந்த மடல். மூன்று இயக்கச் சமன்பாடுகளும் அந்தப் படத்திலிருந்து பிறந்தவை. அதிலும், கோடு நேராக இருக்கும்போது மட்டும் பிறப்பவை. கோடு வளைந்துவிட்டால் மூன்றும் செல்லாக்காசு. படம் அப்போதும் செல்லும். இருந்தும் நம் வகுப்பறைகளில் சமன்பாடு எஜமானாகவும் படம் எடுபிடியாகவும் இருக்கின்றன. பரீட்சைக்கு அது வசதி, ஒப்புக்கொள்கிறேன். இயக்கத்தைப் புரிந்துகொள்வதற்கு அது வசதியில்லை.

ஓர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2009 ஆகஸ்ட் 16, பெர்லின், உலகத் தடகளச் சாம்பியன் போட்டி, ஆண்கள் 100 மீட்டர் இறுதி. உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடி முடித்தார். அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. அடுத்த நான்கு இருபதுகளுக்கு வரிசையாக 1.75, 1.67, 1.61, 1.66 விநாடி. கூட்டிப் பாருங்கள், சரியாக 9.58 வரும்.

முதலில் உங்கள் சமன்பாட்டுக்கே வாய்ப்புக் கொடுப்போம். தொடக்கத் திசைவேகம் பூஜ்யம், தூரம் 100 மீட்டர், நேரம் 9.58 விநாடி. முடுக்கம் எவ்வளவு? போட்டுப் பார்த்தால் 2.18 என்று வரும், அதாவது ஒவ்வொரு விநாடியிலும் திசைவேகம் விநாடிக்கு 2.18 மீட்டர் கூடுகிறது. அப்படியானால் எல்லைக்கோட்டைத் தொடும்போது திசைவேகம்? விநாடிக்கு 20.9 மீட்டர். மணிக்கு 75 கிலோமீட்டர்! எந்த மனிதக் காலும் அந்த வேகத்தைக் கண்டதில்லை. பெருக்கலில் பிழையில்லை, கால்குலேட்டரும் சரியாகத்தான் இருக்கிறது. 'முடுக்கம் சீரானது' என்ற நிபந்தனையைப் படிக்காமல் தாண்டிப்போனதுதான் கோளாறு. பாடநூலில் அந்த நிபந்தனை ஒரு வரியில் வந்துபோகும், யாரும் அடிக்கோடிடுவதில்லை.

இப்போது கிராஃப் தாளை எடுங்கள். கிடையாக ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு விநாடி, செங்குத்தாக ஒரு சென்டிமீட்டருக்கு விநாடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இருபது மீட்டரிலும் போல்ட்டின் சராசரித் திசைவேகத்தைக் கணக்கிட்டால் விநாடிக்கு 6.9 மீட்டர், 11.4, 12.0, 12.4, கடைசியில் மறுபடி 12.0. ஒவ்வொன்றையும் அந்தந்தக் காலத்துண்டின் நடுவில் புள்ளியாக வைத்து, கையால் ஒரு வளைகோடு இழுங்கள். தொடக்கத்தில் அது மிகச் சிறிது தூரம் அச்சோடு ஒட்டிக்கிடக்க வேண்டும். ஏனென்றால் துப்பாக்கி வெடித்தபின் அவர் உடல் அசைய 0.146 விநாடி ஆனது. அதன்பின் கோடு செங்குத்தாக எழும்பி, போகப்போக ஏற்றம் தணிந்து, அறுபதாவது மீட்டருக்கும் எண்பதாவது மீட்டருக்கும் இடையே உச்சி தொட்டு, மெல்ல இறங்கும்.

இந்த ஒற்றைக் கோட்டில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று பாருங்கள். அவர் மிகக் கடுமையாக முடுக்கம் பெற்ற இடம் எது? கோடு எங்கே அதிகம் சாய்ந்து எழுகிறதோ அது, அதாவது தொடக்கம். அங்கே அவருடைய வேகம் மிகக் குறைவு. மிக அதிக வேகத்தில் ஓடிய இடம் எது? கோட்டின் உச்சி. அங்கே கோடு கிடையாகிவிடுகிறது, எனவே முடுக்கம் பூஜ்யம். கடைசி இருபது மீட்டரில் அவர் வேகம் இழந்துகொண்டிருந்தார். ஆனாலும் அப்போதும் விநாடிக்கு 12 மீட்டர் என்ற கணக்கில் பறந்துகொண்டுதான் இருந்தார். வேகம் அதிகமாக இருப்பதும் வேகம் அதிகரிப்பதும் இரண்டு வேறு சங்கதிகள். முதலாவதைக் கோட்டின் உயரத்தில் படிக்கவேண்டும், இரண்டாவதைக் கோட்டின் சாய்வில். இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் இயக்கவியலில் பாதிக் குழப்பம் கழன்றுவிடும்.

மூன்றாவதாகப் படிக்கவேண்டியது பரப்பு. உங்கள் வளைகோட்டுக்கும் கிடை அச்சுக்கும் இடையில் சிக்கியிருக்கும் கட்டங்களை எண்ணுங்கள். நாம் வைத்த அளவுத்திட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 2 மீட்டர். எனவே ஏறக்குறைய 50 கட்டங்கள் வரவேண்டும். கை நடுங்கி ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் பரவாயில்லை. அதே பந்தயத்தில் டைசன் கே 9.71 விநாடியில் இரண்டாவதாக வந்தார். போல்ட்டின் 50 கட்டங்கள் நிரம்பிய நொடியில் அவருடைய கோட்டுக்கு அடியில் இன்னும் முக்கால் கட்டம் பாக்கி, அதாவது தரையில் ஒன்றரை மீட்டர். ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பது என்றால் நூறு மீட்டர்ப் பரப்பை முதலில் நிரப்புவது. யாருடைய கோட்டின் உச்சி உயரம் என்று நடுவர் பார்ப்பதில்லை.

பரப்பு ஏன் தூரமாகிறது என்று யாராவது கேட்டால், 'அதுதான் விதி' என்று சொல்லாதீர்கள். மிகச் சிறிய ஒரு காலத்துண்டை, விநாடியில் நூறில் ஒரு பங்கை எடுங்கள். அந்த இமைப்பொழுதில் வேகம் மாறவில்லை என்றே சொல்லலாம். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் கடந்த தூரம் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. படத்தில் அந்தப் பெருக்கல் ஓர் ஒல்லியான செவ்வகம்: உயரம் வேகம், அகலம் நேரம். இப்படி ஒல்லிச் செவ்வகங்களாக அடுக்கிக்கொண்டே போனால் கோட்டுக்கு அடியில் உள்ள இடம் முழுதும் நிரம்பிவிடும். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்பதை விநாடியால் பெருக்கினால் வெறும் மீட்டர்தானே மிஞ்சும்? அலகே சாட்சி சொல்கிறது. பின்னர் தொகையிடல் என்ற பெயரில் கணித ஆசிரியர் மிரட்டப்போவது இதைத்தான்.

சமன்பாடு இல்லாமல் இதைச் செய்யமுடியுமா என்று சந்தேகப்படுவோருக்கு ஒரு பழங்கதை. கதை என்றாலும் நடந்தது. கி.மு. 350-க்கும் 50-க்கும் இடையில் பாபிலோனிய வானியலாளர்கள் களிமண் பலகைகளில் வியாழன் கோளின் நகர்வைக் கணக்கிட்டு வைத்தார்கள். அந்தப் பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் பொருளை மத்தியூ ஒசென்டிரைவர் என்ற ஆய்வாளர் 2016-இல் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார். வியாழன் விடியலில் முதன்முதலாகத் தென்படும் நாளில் அது ஒரு நாளைக்கு 12 கலை நகர்கிறது. நம் பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் அதே கலைதான், 60 கலை ஒரு பாகை. அறுபதாவது நாளில் அந்த நகர்வு 9.5 கலையாகக் குறைகிறது. இடையில் சீராகக் குறைவதாக அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அறுபது நாளில் மொத்தம் எவ்வளவு நகரும்? ஒரு பக்கம் 12, எதிர்ப்பக்கம் 9.5, அகலம் 60 உள்ள சரிவகத்தின் பரப்பைக் கண்டார்கள்: 645 கலை, அதாவது பத்தே முக்கால் பாகை. அதோடு விடவில்லை. அந்தத் தூரத்தில் பாதியை வியாழன் எந்த நாளில் தாண்டும் என்பதற்காகச் சரிவகத்தைச் சமப் பரப்புள்ள இரண்டாக வெட்டினார்கள். முப்பதாவது நாளில் என்று நீங்கள் சொன்னால் தப்பு. 28 நாளுக்குச் சற்று மேல் என்பது விடை. தொடக்கத்தில் வேகம் அதிகம் அல்லவா?

பலகைகளில் வரைபடம் கிடையாது, எண்கள் மட்டும்தான். கோடு போட்டுக் காட்டும் பழக்கம் ஐரோப்பாவில் வந்தது. 1330-களில், 40-களில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியில் இருந்தவர்கள், சீராக வேகம் கூடும் ஒரு பொருள் கடக்கும் தூரமும், அதன் நடுநேர வேகத்திலேயே ஒரே சீராக ஓடும் பொருள் கடக்கும் தூரமும் சமம் என்று வாதத்தால் நிறுவினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் நிக்கோல் ஒரெம் என்பவர் கிடையாக ஒரு கோடு போட்டு அதைக் காலம் என்றார். அதன்மேல் ஒவ்வொரு கணத்துக்கும் செங்குத்தாக ஒரு கோடு எழுப்பி அதை வேகம் என்றார். முக்கோணமும் செவ்வகமும் சம பரப்பு என்று படத்திலேயே காட்டிவிட்டார், விவகாரம் முடிந்தது. 1638-இல் வெளியான கலிலியோவின் கடைசி நூலில் விழும் பொருளைப் பற்றிய கணிதத்துக்கு அடித்தளமாக நிற்பதும் இதே முக்கோணமும் செவ்வகமும்தான். நீங்கள் மனப்பாடம் செய்த சமன்பாட்டை இன்றைய எழுத்துகளில் எழுதும் இயற்கணிதம் ஒரெம் காலத்தில் இல்லவே இல்லை. படம் மூத்தது, சமன்பாடு இளையது.

அந்தச் சமன்பாட்டையே ஒருமுறை படத்தில் தேடிப்பாருங்கள். 'யூட்டி' என்பது அடியில் இருக்கும் செவ்வகம்: தொடக்க வேகம் மாறாமலே போயிருந்தால் கடந்திருக்கும் தூரம். 'ஹாஃப் ஏட்டி ஸ்கொயர்' அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் முக்கோணம்: முடுக்கத்தால் கூடுதலாகக் கிடைத்த தூரம். அந்த அரை எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள்? முக்கோணத்தின் பரப்பில் வரும் அரைதான்.

இனி வழுக்கும் இடங்கள். இவற்றில் நீங்கள் வழுக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டும் உடன் பணியாற்றியோரும் கல்லூரி மாணவர்கள் இந்த வரைபடங்களில் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்து 1987-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1994-இல் ராபர்ட் பைக்னர் இதற்கென்றே ஒரு தேர்வுத்தாளை உருவாக்கி வெளியிட்டார். அவர்கள் கண்ட தடுமாற்றங்களை நம் ஊர் வகுப்பறை எதிலும் பார்க்கலாம்.

வரைபடத்தைச் சாலையின் படமாகப் பார்ப்பது அவற்றில் ஒன்று. மிதிக்காமல் ஒரு மேட்டின்மேல் ஏறி இறங்கும் சைக்கிளின் வரைபடம் எப்படி இருக்கும் என்று கேட்டால், மேட்டையே வரைந்து தருவார்கள். ஏறும்போது வேகம் குறையும், இறங்கும்போது கூடும். எனவே கோடு பள்ளமாக வரவேண்டும், மேட்டைக் கவிழ்த்துப் போட்டாற்போல. இன்னொன்று, கிடையான கோட்டைப் பார்த்ததும் 'வண்டி நிற்கிறது' என்பது. இடப்பெயர்ச்சி-காலம் வரைபடத்தில் அது உண்மை. இங்கே கிடைக்கோடு என்றால் சீரான வேகத்தில் ஓடுகிறது. நிற்கும் வண்டியின் கோடு அச்சின் மேலேயே படுத்திருக்கும். எந்த அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தபிறகு கோட்டைப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும்விடச் சுவையானது, இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். சிக்னலில் ஒரு பைக் நிற்கிறது. பச்சை விழும் அதே கணத்தில் ஒரு பேருந்து விநாடிக்கு 8 மீட்டர் என்ற சீரான வேகத்தில் அதைக் கடக்கிறது. பைக் ஒவ்வொரு விநாடிக்கும் 2 மீட்டர் வீதம் வேகம் கூட்டிக்கொண்டு கிளம்புகிறது. வரைந்தால் 4-ஆவது விநாடியில் இரு கோடுகளும் வெட்டும். 'அங்கே பைக் பேருந்தைப் பிடித்துவிட்டது' என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். பரப்பைப் பாருங்கள்: பேருந்து 32 மீட்டர் போயிருக்கிறது, பைக் 16 மீட்டர்தான். வெட்டும் புள்ளியில் இருவரின் வேகமும் சமம், அவ்வளவே. உண்மையில் அந்தக் கணத்தில்தான் இருவருக்கும் இடையே இடைவெளி மிக அதிகம். அதுவரை பேருந்து விலகிக்கொண்டிருந்தது, அதன்பிறகுதான் பைக் நெருங்கத் தொடங்குகிறது. பிடிப்பது 8-ஆவது விநாடியில், 64 மீட்டரில், முக்கோணத்தின் பரப்பு செவ்வகத்துக்குச் சமமாகும்போது. அப்போது பைக்கின் வேகம் பேருந்தின் வேகத்தைப் போல இரு மடங்கு. பைக்கின் முடுக்கத்தை மாற்றிப் பாருங்கள், நேரம் மாறும், தூரம் மாறும், ஆனால் அந்த இரு மடங்கு மட்டும் மாறாது. காரணம் படத்தில் இருக்கிறது, நான் சொல்லப்போவதில்லை.

அச்சுக்குக் கீழே போகும் கோடுகள் பலரைப் பயமுறுத்துகின்றன. ஒரு பந்தை விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறியுங்கள். காற்றை மறந்துவிடுவோம். இரண்டு விநாடியில் உச்சி, நான்கு விநாடியில் மறுபடி கையில். வரைபடமோ மேலே 19.6-இல் தொடங்கிக் கீழே மைனஸ் 19.6-இல் முடியும் ஒரே நேர்கோடு. உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறது, எனவே அங்கே முடுக்கமும் பூஜ்யம் என்று எழுதுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கோட்டைப் பாருங்கள். இரண்டாவது விநாடியில் அது அச்சை வெட்டுகிறது. அந்த இடத்தில் ஏதாவது வளைவு தெரிகிறதா? சாய்வு மாறுகிறதா? முடுக்கம் முழுநேரமும் அதே 9.8, கீழ்நோக்கி. முடுக்கம் எதிர்க்குறி என்றால் வேகம் குறைகிறது என்று சூத்திரம் போட்டுக்கொண்டவர்கள் பின்பாதியையும் கவனியுங்கள். சாய்வு அதே எதிர்க்குறிதான், பந்தின் வேகமோ கூடிக்கொண்டே போகிறது. அச்சைவிட்டுக் கோடு விலகினால் வேகம் கூடுகிறது, அச்சை நோக்கி வந்தால் குறைகிறது. குறியைப் பார்த்துச் சொல்லாதீர்கள். மேலே ஒரு முக்கோணம், 19.6 மீட்டர். கீழே ஒன்று, அதே அளவு. குறியோடு கூட்டினால் இடப்பெயர்ச்சி பூஜ்யம், குறியை விட்டுக் கூட்டினால் கடந்த தொலைவு 39.2 மீட்டர்.

பாடநூல் படங்களில் கோடு முழங்கையை மடக்கினாற்போலச் சட்டென்று திரும்புவதையும் கவனித்திருப்பீர்கள். நிஜ ரயில் அப்படிப் போகாது. முடுக்கம் நொடியில் தாவினால் நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். லிஃப்ட் வடிவமைப்பவர்கள் அந்த முனைகளை வளைத்து மழுக்குவதற்கே தனிக்கவனம் செலுத்துகிறார்கள். கணக்குப் போட வசதிக்காகத்தான் கூர்முனை, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு படம். இன்னும் ஒன்றிரண்டு வருடங்களில் உங்கள் கையில் ஓட்டுநர் உரிமம் இருக்கும் என்பதால் இதைத் தவிர்க்க மனமில்லை. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் அருகருகே வருகின்றன, ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர், மற்றொன்று 60. முப்பது மீட்டர் முன்னே ஒரு மாடு சாலையின் குறுக்கே வந்து நிற்கிறது. இருவரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். பார்த்துப் பிரேக் மிதிக்க இருவருக்கும் ஒரு விநாடி. அதன்பின் இரண்டு வண்டிகளின் வேகமும் ஒவ்வொரு விநாடிக்கும் 6 மீட்டர் வீதம் குறைகிறது. வரையுங்கள். ஒரு விநாடிவரை இரண்டு கிடைக்கோடுகள், பிறகு இரண்டு இறங்குகோடுகள். சாய்வு ஒன்றே, எனவே அவை இணைகோடுகள். எந்த நொடியில் பார்த்தாலும், முதல் வண்டி நிற்கும்வரை, இருவருக்கும் வித்தியாசம் அதே 10 கிலோமீட்டர்தான்.

'அப்படியானால் 50-இல் வந்தவர் நிற்கும்போது 60-இல் வந்தவர் 10-இல் இருப்பார், மாட்டைப் பட்டும்படாமல் இடிப்பார்' என்று தோன்றும். மாடு நிற்பது நேர அச்சில் அல்ல, பரப்பில். 50-இல் வந்தவரின் கோட்டுக்கு அடியில் மொத்தப் பரப்பு: செவ்வகம் 13.9 மீட்டர், முக்கோணம் 16.1. முப்பதில் நின்றுவிட்டார், மாட்டின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில், 3.3 விநாடியில். 60-இல் வந்தவருக்குச் செவ்வகமே 16.7 மீட்டரைத் தின்றுவிடுகிறது. பாக்கி 13.3 மீட்டர்தான். அந்தப் பரப்பு 2-ஆவது விநாடியிலேயே நிரம்பிவிடும். அங்கே கோட்டின் உயரத்தைப் படியுங்கள்: மணிக்கு 39 கிலோமீட்டர்.

மழை பெய்து சாலை ஈரமானால் இறங்குகோட்டின் சாய்வு பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடு, அதே முப்பது மீட்டர். இம்முறை 50-இல் வந்தவரும் தப்பமாட்டார். இருவரும் என்ன வேகத்தில் இடிப்பார்கள் என்பதைச் சமன்பாட்டைத் தொடாமல், கிராஃப் தாளில் கட்டங்களை எண்ணியே கண்டுபிடியுங்கள். பிறகு வேண்டுமானால் சமன்பாட்டைப் போட்டு விடையைச் சரிபாருங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்